எடை 58 கிலோ: எந்த அட்டவணையை நம்புவது?

கேள்வி: எனக்கு 34 வயது. உயரம் 155 செ.மீ., எடை 58 கிலோ. ஆபீஸ் மெடிக்கல் செக்கப்பில் பிஎம்ஐ 24.1, 'ஓவர்வெயிட்' என்று எழுதிவிட்டார்கள். மொபைல் ஆப்பில் போட்டால் அதே எண்ணுக்கு 'நார்மல்' என்று வருகிறது. கல்யாணத்தின்போது 46 கிலோ இருந்தேன். அந்த எடைக்குத் திரும்ப, ஒரு மாதமாக ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டேன். இரண்டாவது பிரசவத்தின்போது சர்க்கரை வந்து, குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது. வேறு வியாதி இல்லை. நான் குண்டா, இல்லையா?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: அன்புச் சகோதரி, ஆபீஸ்காரர்களும் தப்பாகச் சொல்லவில்லை, ஆப்பும் தப்பாகக் கணக்குப் போடவில்லை. எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ. அதில் 18.5 முதல் 24.9 வரை இயல்பு என்பது உலக அளவிலான அட்டவணை. ஒரே பிஎம்ஐ உள்ள ஐரோப்பியரைவிட நம்மவர் உடலில் கொழுப்பு அதிகம். அதுவும் வயிற்றில் போய்ச் சேர்கிறது. அதனால் இந்திய மருத்துவர்கள் 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல்பருமன் என்று வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கில் உங்கள் உயரத்துக்கு இயல்பான எடை ஏறக்குறைய 44.5 முதல் 55 கிலோ. நீங்கள் மூன்று கிலோ கூடுதல், அவ்வளவுதான்.

ஆனாலும் இந்த எண்ணுக்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. 1830களில் பெல்ஜியத்தின் புள்ளியியல் அறிஞர் அடால்ஃப் கெட்லே மக்கள் கூட்டத்தின் சராசரியை ஆராயப் போட்ட கணக்கு இது. தனி மனுஷியின் ஆரோக்கியத்தை எடைபோட அல்ல. ஆகவே ஒரு டெய்லர் டேப்பை எடுங்கள். பாவாடை நாடா கட்டும் இடத்தில் வேண்டாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல், மூச்சை விட்டபின் அளந்து பாருங்கள். 80 செ.மீ.க்கு மேல் இருந்தால், அந்த மூன்று கிலோவைவிட அதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது எடை இல்லை. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பிரசவத்தின்போது வந்த சர்க்கரை. அது போய்விடும், உண்மைதான். ஆனால் அப்படி வந்த பெண்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமான ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் உங்களைக் குளுக்கோஸ் குடிக்கவைத்து ரத்தத்தைப் பரிசோதித்தார்களா? இல்லையென்றால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். எல்லாம் நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை விடாமல் பார்க்க வேண்டும்.

46 கிலோவை மறந்துவிடுங்கள். இரண்டு பிள்ளை பெற்ற உடம்பைக் கல்யாண ப்ளவுஸுக்குள் திணிக்க எந்த அவசியமும் இல்லை. பட்டினி கிடந்து குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும், சாப்பிட ஆரம்பித்ததும் எடை திரும்பிவிடும். இன்று ராத்திரியே சாப்பிடுங்கள். சாதத்தைக் கொஞ்சம் குறைத்து, பருப்பு, முட்டை, தயிர், இல்லை முளைகட்டிய பயறில் செய்யும் நம்ம மும்பையின் மட்கி உசல் என்று எதையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஐந்து நாள் டயமண்ட் கார்டன் பக்கம் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். மூன்று கிலோவுக்கு ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

டாக்டரிடம் போனதும் எடையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், "இரண்டாவது பிரசவத்தில் எனக்குச் சர்க்கரை இருந்தது" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள்.