சுவாமிமலைச் சிலைப் பட்டறையில் வெயிலைக் குவித்து வெண்கலம் உருக்க முடியுமா?

முடியும். ஆனால் பழைய டிஷ் ஆன்டெனாவில் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது.

வெண்கலம் உருக ஏறத்தாழ 950 டிகிரி செல்சியஸ் வேண்டும். அச்சில் ஊற்ற அதற்கும் மேல். 1000 டிகிரியில் தகிக்கும் கரும்பரப்பு, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோவாட் வெப்பத்தைக் கதிர்வீச்சாகவே இழக்கிறது. கும்பகோணத்து உச்சி வெயில் தருவதோ 1 கிலோவாட்டுக்குள்தான். ஆக, 150 மடங்கு குவிப்பு இழப்பை ஈடுகட்டக்கூடப் போதாது. உருக்க அதைப்போலப் பல மடங்கு தேவை. மூசையை, அதாவது உலோகம் உருக்கும் கலத்தை, சிறு வாயுள்ள தீச்செங்கல் கூட்டுக்குள் வைத்தால் இழப்பு வெகுவாகக் குறையும்.

குவிப்புக்கு எல்லை வகுப்பது சூரியனே. வானில் அது புள்ளியல்ல, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. எனவே 1 மீட்டர் குவியத்தூரமுள்ள (ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரம்) பரவளைய ஆடி எவ்வளவு செம்மையாக இருந்தாலும் பிம்பம் 9 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். குவியத்தூரம் கூடக்கூட அதுவும் பெருக்கும். விட்டத்தைக் கூட்டுங்கள், குவியத்தூரத்தை அடக்குங்கள். ஆடியின் சரிவில் ஒரு பங்கு பிழை இருந்தால் ஒளி இரு பங்கு விலகும். நானாக இருந்தால் பளபளப்பைவிட வளைவின் துல்லியத்துக்கே பணம் செலவிடுவேன்.

சூரியனைத் தொடர்ந்து ஆடி திரும்பினால் குவியத்திலுள்ள மூசையும் கூடவே நகர வேண்டும். உருகிய உலோகம் தளும்பக் கூடாதல்லவா? பிரான்சின் ஓடேயோ சூரிய உலையில் 63 தட்டை ஆடிகள் சூரியனைத் தொடர்ந்து திரும்பி, அசையாத பெரும் பரவளையத்துக்கு ஒளியை அனுப்புகின்றன. உங்களுக்கும் அந்த அமைப்பே உகந்தது.

மேகம் சிதறடித்த ஒளியை எந்த ஆடியாலும் குவிக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகைக்குக் கரி உலை இருக்கட்டும்.