லாரியைக் கையால் கழுவித் துடைக்க எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்: கேள்வி பதில்

லாரிகளைக் கையால் கழுவுவதுதான் பல வருடமாக என் வேலை. என்ன பிரஷ், என்ன துணி, எத்தனை பக்கெட் என்று பலரும் கேட்டிருந்தீர்கள், எல்லாவற்றுக்கும் இங்கேயே சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: புது வண்டி எடுத்திருக்கிறேன் அண்ணா. கையில் காசு கம்மி. முதலில் எதை வாங்கணும்?

பெயிண்டைத் தொடுகிற பொருளில் காசு போடுங்கள் தம்பி, தொடாத பொருளில் மிச்சம் பிடியுங்கள். பக்கெட் மலிவாக இருக்கலாம், ஹோஸ் பழையதாக இருக்கலாம். ஆனால் தேய்க்கிற மிட் (கையில் மாட்டிக்கொள்ளும் நூல் உறை), பிரஷ், துடைக்கிற துணி, இந்த மூன்றும் நல்லதாக இருக்க வேண்டும். பெயிண்டுக்கு மேலே பளபளப்புக்காக இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி சுற்றிச் சுற்றித் தெரியுமே, அந்தக் கீறல் எல்லாம் இந்த மெல்லிய அடுக்கில்தான் விழுகிறது. மேலும் அது பெரும்பாலும் ஓட்டும்போது வந்ததல்ல, கழுவும்போது நாமே போட்டது.

முதல் தடவைக்கு மூன்று பக்கெட், இரண்டு மிட், நீளக் கம்பு வைத்த ஒரு மென்மையான பிரஷ், வீலுக்குத் தனி பிரஷ், பெரிய துடைக்கும் துணி இரண்டு, வண்டி ஷாம்பூ ஒன்று, இது போதும். மெஷின், நுரைத் துப்பாக்கி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: மூன்று பக்கெட்டா? காருக்கே இரண்டுதானே சொல்வார்கள்?

காருக்கு இரண்டு சரி. ஒன்றில் ஷாம்பூ தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர். ஒரு பகுதியைத் தேய்த்ததும் மிட்டை முதலில் வெறும் தண்ணீரில் அலசி மண்ணை விட்டுவிட்டு, அப்புறம் ஷாம்பூவில் முக்குவது. லாரியில் மூன்றாவது, வீலுக்கும் அடிப்பக்கத்துக்கும். அங்கே இருக்கிற கிரீஸ், தார், பிரேக் தூள் கேபின் பக்கமே வரக்கூடாது. நிறத்தைப் பார்த்தே எது எது என்று தெரிகிற மாதிரி வேறு வேறு நிறத்தில் வாங்குங்கள், உதவிக்கு ஆள் வந்தாலும் குழப்பம் வராது.

20 லிட்டர் பக்கெட் வசதி. அடியில் போடுகிற சல்லடைத் தட்டு விற்கிறார்கள், மிட்டை அதன் மேல் தேய்த்தால் மண் கீழே இறங்கி அங்கேயே தங்கும், அடுத்த முறை முக்கும்போது மேலே கிளம்பாது. ஆனால் தட்டு இருக்கிறதே என்று ஒரே தண்ணீரில் முழு லாரியையும் கழுவக் கூடாது. அலசும் பக்கெட்டின் அடி கண்ணுக்குத் தெரியாமல் போனதும் தண்ணீரை மாற்றிவிடுங்கள். பெரிய வண்டிக்கு நான் மூன்று நான்கு தடவையாவது மாற்றுவேன்.

கேள்வி: ஸ்பாஞ்ச் நல்லதா, மிட் நல்லதா, பிரஷ் நல்லதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

தட்டையான ஸ்பாஞ்ச் வேண்டாம். மண் துகள் உள்ளே போக இடமில்லை, ஸ்பாஞ்சுக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி இழுத்துக்கொண்டே போகும். மிட்டில் நூல் நீளமாகத் தொங்குவதால் துகள் உள்ளே ஏறிக்கொள்ளும். புழு புழுவாகத் தடித்த நூல் தொங்குகிற மைக்ரோஃபைபர் மிட் அலசுவதற்கு எளிது, ரொம்ப நாள் உழைக்கும். ஆட்டு ரோம மிட் இன்னும் மென்மை, ஆனால் நிழலில் பொறுமையாகக் காய வைக்க வேண்டும், இல்லையென்றால் தோல் விறைத்துப் போகும். தினமும் ஓடுகிற வண்டிக்கு நான் மைக்ரோஃபைபரைத்தான் சொல்வேன்.

கேபின் கூரை, பாக்ஸ் பாடி எல்லாம் மிட்டில் நடக்கிற காரியமில்லை, பிரஷ் வேண்டும். அந்த பிரஷ்ஷில் பார்க்க வேண்டியது முடியின் நுனி. நைலான் முடி என்றால் நுனி பல இழையாகப் பிரிந்து பஞ்சு மாதிரி இருக்க வேண்டும், வெட்டிவிட்ட மாதிரி மொட்டையாக இருந்தால் வாங்காதீர்கள். கடையிலேயே உள்ளங்கையில் அழுத்தி, முகத்தில் லேசாகத் தடவிப் பாருங்கள், கன்னத்தில் குத்துவது பெயிண்டிலும் குத்தும். பன்றி ரோம பிரஷ் தண்ணீரில் ஊறியதும் நன்றாக மென்மையாகி நுரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விலை அதிகம், ஈரத்தோடு மூலையில் போட்டால் கெட்டுவிடும், தொங்கவிட வேண்டும். எந்த முடியாக இருந்தாலும் தலையைச் சுற்றி ரப்பர் விளிம்பு இருக்கட்டும். கை களைத்த நேரத்தில் கட்டை போய்க் கண்ணாடியிலும் கதவிலும் இடிக்கும், அப்போது அந்த ரப்பர்தான் காப்பாற்றும்.

கம்பு நீட்டி மடக்குகிற அலுமினியக் குழாயாக இருப்பதும், உள்ளே தண்ணீர் ஓடி முடி வழியாக வெளியே வருவதும் லாரிக்குப் பெரிய வசதி, தேய்க்கத் தேய்க்க மண் கழுவிக்கொண்டு போய்விடும். ஆனால் முழு நீளத்துக்கு நீட்டிப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். சிலது நீட்டியதும் வில் மாதிரி வளையும், பத்து நிமிடத்தில் தோள் கடுக்கும்.

இன்னொன்று. ஒரு முறை பிரஷ் எடுத்துப்போக மறந்து, ஓரிடத்தில் அங்கே கிடந்த பொது பிரஷ்ஷால் ஒரு கருநீலக் கேபினைத் தேய்த்தேன். யாரோ அதற்கு முன் அதால் சேஸியைத் தேய்த்திருக்கிறார்கள் போல, முடிக்குள் மண் இருந்தது. கதவு முழுக்க வளையம் வளையமாகக் கீறல். பாலிஷ் போட்டு எடுக்க ஒரு நாள் முழுதும் போனது, அதிலும் சில கோடுகள் போகவே இல்லை. அதிலிருந்து மற்றவர் பிரஷ்ஷைத் தொடுவதில்லை.

கேள்வி: பிரஷர் வாஷர் இருந்தால் தேய்க்காமலே முடித்துவிடலாமா சார்?

முடியாது. தடித்த சேறு போகும், பெயிண்டோடு ஒட்டிய மெல்லிய புகைப் படலம் போகாது. விரலால் கோடு போட்டுப் பாருங்கள், தெரியும். ஆனால் தேய்ப்பதற்கு முன் மண்ணை இறக்க அதைவிட நல்ல கருவி இல்லை, இறங்கிய ஒவ்வொரு துகளும் கீறல் போடாத துகள்தானே.

1,200 முதல் 1,900 பிஎஸ்ஐ (தண்ணீர் அழுத்தத்தின் அளவு) வரை போதும். அழுத்தத்தைப் பார்க்கிற அளவுக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பதையும் பாருங்கள், மண்ணை அடித்துக்கொண்டு போவது தண்ணீரின் அளவு. தண்ணீர் பீய்ச்சுகிற முனைதான் நாசில், தண்ணீர் எவ்வளவு கோணத்தில் விரியும் என்பதை அதன் நிறம் சொல்லும், வழக்கமாக இப்படி இருக்கும்: சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. பெயிண்டுக்கு வெள்ளை, சேஸி, மட்கார்டு அடிப்பக்கத்துக்குப் பச்சை. சிவப்பை வண்டிக்கு எடுக்கவே வேண்டாம், அது பெயிண்டையே உரிக்கும். ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள், ஸ்டிக்கர் ஓரத்துக்கு நேராக அடிக்காதீர்கள்.

ரேடியேட்டர் தகடு மடங்கும், அதனால் அங்கே அழுத்தம் வேண்டாம். மின் கனெக்டர், வீல் ஹப் சீல், டயரின் பக்கச் சுவர், ஏர் ஹோஸ் இணைப்பு, இவற்றுக்கு நேராகவும் கிட்டத்திலும் அடிக்கக்கூடாது. சேஸியை நன்றாக அடித்துக் கழுவினால் கிரீஸ் பாயிண்டுகளில் கிரீஸ் வைத்துவிடுங்கள், தண்ணீர் பழையதை வெளியே தள்ளியிருக்கும்.

கேள்வி: நுரைத் துப்பாக்கி தேவையா?

இருந்தால் நல்லது. பிரஷர் வாஷரில் மாட்டுவது கெட்டி நுரை தரும், சாதாரண ஹோஸில் மாட்டுவது தண்ணியாக வரும். இரண்டும் இல்லையென்றால் கையால் பம்ப் அடிக்கிற ஸ்ப்ரேயர் போதும். நுரை நான்கைந்து நிமிடம் ஊறட்டும், காய்வதற்குள் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: பாத்திரம் கழுவுகிற லிக்விட் ஊற்றிக் கழுவுகிறோம், நல்லாத்தானே போகிறது?

அழுக்கு போகும், கூடவே மேலே போட்ட மெழுகும் போகும். மெழுகு போனால் அடுத்த முறை அழுக்கு இன்னும் சீக்கிரம் ஒட்டும், தண்ணீரும் முத்து முத்தாக உருண்டு ஓடாமல் பரவி நிற்கும், துடைக்கிற வேலை கூடும். நியூட்ரல் பிஹெச் (அமிலமும் இல்லை, காரமும் இல்லை) என்று போட்ட வண்டி ஷாம்பூ வாங்குங்கள், பாட்டிலில் சொன்ன அளவே ஊற்றுங்கள்.

அலுமினிய டேங்க், அலுமினிய வீல் வைத்தவர்கள் கூடுதல் கவனம். காரம் அதிகமான கிளீனரும் அமிலமும் பாலிஷ் போட்ட அலுமினியத்தை வெளுக்க வைத்துவிடும். வீலைப் பளிச்சென்று ஆக்குகிற சில மருந்தில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். தோலில் பட்டதும் எரிச்சல் உடனே தெரியாமலும் இருக்கலாம், ஆனால் உள்ளே ஊடுருவி எலும்பு வரை பாதிக்கும். லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள், இதில் மட்டும் சோம்பல் வேண்டாம்.

கேள்வி: துடைக்கத்தான் பாடு. பாதி துடைப்பதற்குள் மீதி காய்ந்து வெள்ளைப் புள்ளி விழுகிறது. எந்தத் துணி?

வெள்ளைப் புள்ளி என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம். தண்ணீர் ஆவியாகிப் போகும், இவை தங்கிவிடும். அதனால் வேகம்தான் முக்கியம், வேகத்துக்குத் துணியின் அளவு முக்கியம்.

இரண்டு பக்கமும் முறுக்கு நூல் வளையம் வளையமாக இருக்கிற பெரிய மைக்ரோஃபைபர் டவல், 60க்கு 90 சென்டிமீட்டர் அளவில் வாங்குங்கள். லேபிளில் 70/30 அல்லது 80/20 என்று இருக்கும், முதல் எண் பாலியெஸ்டர், இரண்டாவது பாலிஅமைடு. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். கூடக் கூட அதிகம் குடிக்கும், ஆனால் நனைந்ததும் கனக்கும், உயரத்தில் கை தூக்கித் துடைக்கிற வேலைக்கு ரொம்பக் கனமானது ஆகாது. கண்ணாடிக்குத் தேன்கூடு மாதிரிக் கட்டம் போட்ட மெல்லிய துணி தனியாக வையுங்கள். ஷாமி தோலும் தண்ணீர் குடிக்கும்தான், ஆனால் அதில் நூல் கிடையாது, ஒரு துகள் மிச்சம் இருந்தாலும் இழுத்துக்கொண்டு போகும். ரப்பர் பிளேடும் அப்படியே, அதைக் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பெயிண்டில் வேண்டாம்.

துணியை எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஹோஸில் நாசிலைக் கழற்றிவிட்டு, அழுத்தம் இல்லாமல் மேலிருந்து தண்ணீரை வழியவிடுங்கள். தண்ணீர் ஒரே தாளாக இறங்கி, கூடவே துளிகளையும் இழுத்துக்கொண்டு போகும், பாதி வேலை அங்கேயே முடியும். அப்புறம் துணியை விரித்துப் போட்டு, அழுத்தாமல் மெதுவாக இழுங்கள், அது தானாகக் குடிக்கும். பக்கக் கண்ணாடியின் உறை, கைப்பிடி, கிரில், லைட் ஓரம், இங்கெல்லாம் தண்ணீர் ஒளிந்திருந்து பிறகு கோடாக வழியும், புளோயர் இருந்தால் முதலில் இவற்றை ஊதிவிடுங்கள். தண்ணீர் ரொம்ப உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் டீஅயனைஸ்டு (கரைந்த உப்புகளை நீக்கிய) தண்ணீர் தரும் ஃபில்டரை மாட்டலாம், அது காய்ந்தாலும் புள்ளி விழாது.

கேள்வி: வாங்கின டவல் இரண்டு மாதத்தில் தண்ணீரே குடிக்கவில்லை.

துணி மென்மையாக்கும் கண்டிஷனர் போட்டுத் துவைத்தீர்களா? அது நூலின் மேல் படலமாகப் படிந்துவிடும். சாதாரண லிக்விட் சோப்பில், பருத்தித் துணிகளோடு சேர்க்காமல் துவையுங்கள், அதிகச் சூட்டில் காய வைக்காதீர்கள். ஓரத்தில் தைத்த லேபிளை வெட்டிவிடுங்கள், அதுவும் கீறும். தரையில் விழுந்த டவலை அன்றைக்குப் பெயிண்டில் வைக்கவே வேண்டாம், அலசினாலும் சரி.

கேள்வி: கூரைக்கு ஏணியா, டயர் மேல் ஏறி நிற்கலாமா?

ஈர டயர், ஈர பம்பர் மேல் ஷாம்பூ காலோடு நிற்காதீர்கள். அகலமான மேடை மாதிரியான ஸ்டூல், வழுக்காத ரப்பர் கால் வைத்தது. பாக்ஸ் கூரைக்குத் தரையில் நின்றே கம்பு பிரஷ், ஏற வேண்டாம்.

கேள்வி: நான் ஓட்டம் முடித்து வந்ததும் மத்தியானமே கழுவிவிடுவேன். பரவாயில்லையா?

பானெட் அல்லது கதவில் புறங்கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் பொறுங்கள். வீலும் பிரேக்கும் ஆறட்டும். நிழலே கிடைக்காது என்றால் ஒரு பக்கத்தைக் கழுவி, அலசி, துடைத்து முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள், முழு வண்டியிலும் நுரை போட்டு வைக்காதீர்கள். மேலிருந்து கீழே வாருங்கள். வீலை மட்டும் முதலிலேயே முடித்துவிடலாம், அப்போது தெறிக்கிற அழுக்கு இன்னும் கழுவாத பாடியில்தான் விழும்.