செமஸ்டர் பணமும் கடைசி நான்கு வாரங்களும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். செமஸ்டர் தொடங்கும்போது அப்பா மொத்தமாகப் பணம் அனுப்பிவிடுவார். முதல் மாதம் கவலையே இருக்காது. கடைசி நான்கு வாரங்கள் நண்பர்களிடம் கைமாற்று வாங்கித்தான் ஓடுகின்றன. நோட்டில் செலவு எழுதிப் பார்த்தேன். மூன்றே வாரத்தில் விட்டுவிட்டேன். ஊதாரித்தனம் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் வெட்கமாக இருக்கிறது. அப்பாவிடம் சொல்ல மனம் வரவில்லை.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. நோட்டில் எழுதியது போன பணத்தின் கணக்கு. உங்களுக்கு வேண்டியது இனி போகப்போகும் பணத்தின் கணக்கு.

வந்த பணத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் 20 வாரம். அறை வாடகை, மின்கட்டணம், இணையம், பயண அட்டை என்று தவிர்க்கவே முடியாதவற்றை 20 வாரத்துக்கும் சேர்த்து முதலிலேயே கழியுங்கள். 45 பங்கு போகிறது என்போம். அடுத்து, எப்போதாவது வரும் செலவுகள்: தேர்வுக் கட்டணம், ஊருக்குப் போய்வரும் டிக்கெட், புத்தகம், மருந்து, பழுதாகும் கைப்பேசி. இவற்றுக்கு 15. மிஞ்சுவது 40, வாரத்துக்கு 2 பங்கு. சாப்பாடு உட்பட எல்லாமே அதற்குள்தான். முதல் நாள் உங்கள் வங்கிக் கணக்கு 100 என்று காட்டுகிறது, ஆனால் அந்த வாரம் நீங்கள் தொடக்கூடியது வெறும் 2. முதல் மாதத்து நிம்மதி அந்த 100 தந்த மயக்கம்.

மாணவர்களின் கையைக் கடிப்பது பெரும்பாலும் இந்த எப்போதாவது வரும் செலவுகள்தான். தினமும் குடிக்கும் தேநீரை நிறுத்தச் சொல்லி எல்லோரும் அறிவுரை சொல்வார்கள், தேர்வுக் கட்டணத்தை யாரும் நினைவூட்ட மாட்டார்கள். அதன் தேதி செமஸ்டர் தொடங்கும்போதே தெரிந்துவிடும். தெரிந்த செலவை எதிர்பாராத செலவாக வரவிடாதீர்கள்.

அந்த 2 பங்கை மட்டும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தனிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை தொடங்கினால் வார இறுதியிலேயே கரைந்துவிடும். ஒருவாரம் கூடிப்போனால் அடுத்த வாரத்தில் ஈடுகட்டலாம். இருபதாவது வாரத்தில் கண்டுபிடித்தால் ஈடுகட்ட வாரமே இருக்காது.

வருமானத்தில் 50 சதவீதம் தேவைக்கு, 30 விருப்பத்துக்கு, 20 சேமிப்புக்கு என்று ஒரு விதி சுற்றிவருகிறது. அது வரி போகக் கையில் சம்பளம் வாங்குகிறவர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. மாணவருக்குத் தேவை மட்டுமே 80ஐத் தொடலாம். அந்த அளவுகோலால் உங்களை அளந்து மனம் உடையாதீர்கள்.

இரண்டு விஷயங்களில் நான் பிடிவாதக்காரன். சாப்பாட்டில் கைவைக்காதீர்கள். தேர்வு நேரத்தில் ஒருவேளை உணவைத் தவிர்த்து மிச்சம் பிடித்தவன் நான். மிச்சம் பிடித்ததை மருந்துக்குக் கொடுத்தேன். இன்னொன்று, நண்பர்களின் கைமாற்றுக்குக் கூச்சப்பட்டு வட்டிக் கடன் பக்கம் போகாதீர்கள். மாதம் 3 சதவீதம் சிறிதாகத் தோன்றும். கட்டாமல் விட்டால் வட்டிக்கு வட்டி சேர்ந்து ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

கழித்தலெல்லாம் முடிந்து வாரத்துக்கு நிற்கும் தொகை, மூன்றுவேளைச் சாப்பாட்டுக்கே போதவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது குறை உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, வரும் தொகையில் இருக்கிறது. எந்த நோட்டும் அதைச் சரிசெய்யாது. அப்பா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அனுப்புகிறார் என்பதால்தான் உங்கள் வாய் அடைபடுகிறது, புரிகிறது. ஆனால் நீங்கள் கடன் வாங்குவது மூன்றாம் மனிதர் வழியாகத் தெரியவந்தால் அவருக்கு அதைவிட வலிக்கும். "பணம் போதவில்லை" என்று போனில் சொல்லாதீர்கள். ஒற்றைத் தாளில் இந்தக் கணக்கை எழுதி அவரிடம் காட்டுங்கள். அவரால் கூட்டித்தர முடியாவிட்டால் அதே தாளுடன் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவுக்குப் போய், உதவித்தொகையோ பகுதிநேர வேலையோ உண்டா என்று கேளுங்கள். கடைசி நான்கு வாரம் வரை காத்திருக்க வேண்டாம், அடுத்த பணம் வந்த வாரமே கேட்டுவிடுங்கள். அப்பா என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்