கேளுங்கள், சொல்கிறோம்: சிங்க்கில் தேங்கும் தண்ணீர்

கேள்வி: சமையலறை சிங்க்கில் தண்ணீர் தேங்கித் தேங்கித்தான் இறங்குகிறது. சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினால் இரண்டு நாள் தேவலை, பிறகு பழையபடிதான். என்ன செய்வது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: சோடாவும் வினிகரும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு நுரைக்கும், அவ்வளவுதான். எண்ணெய்ப் பிசுக்கு அதற்கெல்லாம் அசையாது. எதையும் ஊற்றுவதற்கு முன் அடைப்பு எங்கே என்று பாருங்கள்.

சிங்க்கின் அடியில் தொங்கும் சுருள் ஹோஸின் கீழ்முனையைத் தரைக்குழாயிலிருந்து உருவி, பக்கெட்டில் விடுங்கள். மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கடகடவென்று விழுந்தால் ஹோஸில் குற்றமில்லை. அடைப்பு தரைக்குழாயிலோ வெளியே கழிவுநீர் வந்து சேரும் தொட்டியான சேம்பரிலோ இருக்கிறது. பக்கெட்டிலும் மெதுவாகவே விழுந்தால் ஹோஸ் அல்லது சிங்க் ஜாலி.

பெரும்பாலும் ஹோஸ்தான். அதன் உட்புற மடிப்புகளில் தோசை மாவு, கஞ்சி, எண்ணெய் எல்லாம் படிந்து இறுகும். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெயும் நெய்யும் உறைவதால் காலையில் தொல்லை கூடும். மேல் நட்டைக் கையாலேயே திருகிக் கழற்றுங்கள். ரெஞ்ச் போட்டால் பிளாஸ்டிக் மரை பிய்ந்துவிடும். ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கவனித்துக்கொள்ளுங்கள். பழைய ஹோஸைக் கழுவி மாள்வதைவிடப் புதிதாக மாற்றுவதே மேல். உள்ளே வழவழப்பான பி.வி.சி. பைப்பும் பாட்டில் டிராப்பும் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் நிற்கும் குப்பி) போட்டால் இன்னும் நல்லது.

மாட்டும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹோஸ் நீளமாக இருந்தால் இரண்டு இடத்தில் தொய்யும். ஒரு வளைவில் தண்ணீர் நிற்பது நாற்றத்தைத் தடுக்கும். இரண்டு வளைவு இருந்தால் நடுவே காற்று சிக்கி, அடைப்பே இல்லாமலும் தண்ணீர் குளுகுளுவென்று மெதுவாக இறங்கும். அதிகப்படி நீளத்தை வெட்டிவிடுங்கள். தரைக்குழாய்க்குள் 2 அல்லது 3 அங்குலம் நுழைந்தால் போதும். அரை அடி திணித்தால் முனை உள்ளே இருக்கும் எல்போவில், அதாவது குழாய் வளைவில், முட்டிக்கொள்ளும்.

மாட்டியதும் சிங்க்கைப் பாதி நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். அடியில் காய்ந்த செய்தித்தாள் விரித்துவைத்தால் சிறு கசிவும் தெரிந்துவிடும்.

அடைப்பு தரைக்குழாயில் என்றால், தரை ஜாலியைத் தூக்கி உள்ளே இருக்கும் கிண்ணத்தைக் கழுவுங்கள். குளியலறைத் தண்ணீரும் சேர்ந்து தேங்கினால் சேம்பர்தான். அதற்கு ஸ்பிரிங் கம்பியோடு ஆள் வர வேண்டும்.

கேள்வி: அடைப்பு நீக்கும் பவுடர் போடலாமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: சுமாராக ஓடும் குழாயில், பாக்கெட்டில் சொன்ன அளவு மட்டும் போடலாம். முழுக்க அடைத்த குழாயில் வேண்டாம். இந்தப் பவுடரில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. தேங்கிய தண்ணீரில் விழுந்ததும் கொதிக்கும், பி.வி.சி. இளகலாம், கரையாத பவுடர் கல்லாக இறுகி அடைப்பைக் கெட்டியாக்கும். ஆசிட்டையோ பிளீச்சிங் பவுடரையோ கூடவே போடவே கூடாது. ஏற்கெனவே பவுடர் போட்டிருந்தால், பைப்பைக் கழற்றும் முன் பிளம்பரிடம் சொல்லிவிடுங்கள். உள்ளே நிற்கும் தண்ணீர் முகத்தில் தெறித்தால் கண் போய்விடும்.