சான்றிதழை பிளாக்செயினில் ஏற்றும் முன்

கேள்வி: கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஹாஷ், கன்சென்சஸ் எல்லாம் தேர்வுக்குப் படித்தாயிற்று, ஆனால் உருப்படியாக ஒரு செயலி எழுதத் தெரியவில்லை. இறுதியாண்டு புராஜெக்ட்டாகப் பட்டச் சான்றிதழ்களை பிளாக்செயினில் சேமிக்கலாம் என்று இருக்கிறேன். எங்கே தொடங்குவது? கைக்காசு செலவாகுமா?

பதில்: நல்ல தலைப்புதான். "சேமிக்கலாம்" என்ற சொல்லை மட்டும் முதலில் அடித்துவிடுங்கள். எதீரியம் என்ற பொது பிளாக்செயினில் 32 பைட் அளவுள்ள ஓர் இடத்தில் புதிதாக எழுத 20,000 கேஸுக்கு (ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் கட்டணத்தை அளக்கும் அலகு) மேல் ஆகும். ஒருவருக்கு ஈதர் (எதீரியத்தின் நாணயம்) அனுப்பவே 21,000தான். இந்தக் கணக்கில் ஒரு பிடிஎஃப் கோப்பை உள்ளே ஏற்றுவதை நினைத்துப் பாருங்கள்! அதோடு, ஒருமுறை ஏறிய பெயரும் மதிப்பெண்ணும் எல்லோர் கண்ணிலும் படும், அழிக்கவும் முடியாது.

அப்புறம் எதைத்தான் ஏற்றுவது? ஒரு ஆண்டில் 1,000 பேர் பட்டம் பெறுகிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஒரு ஹாஷ், அதாவது தரவில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் ஒரு டிஜிட்டல் கைரேகை. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து மறுபடி ஹாஷ் எடுத்துக்கொண்டே மேலே போனால், உச்சியில் 32 பைட்டில் ஒரே ஒரு ஹாஷ் மிஞ்சும். அதுதான் மெர்க்கிள் வேர், அதை மட்டும் ஏற்றினால் போதும். மாணவர் தன் சான்றிதழோடு 10 ஹாஷ்களை வைத்துக்கொண்டால், தன்னுடையது அந்த ஆயிரத்தில் ஒன்று என்று யாரிடமும் நிரூபித்துவிடலாம்.

பலர் சறுக்குவது இங்கேதான். அந்த 10 ஹாஷ்களில் முதலாவது பெரும்பாலும் பக்கத்து மாணவருடைய சான்றிதழின் ஹாஷ். பதிவு எண்ணும் பெயரும் தெரிந்தவர், 0 முதல் 100 வரை மதிப்பெண்ணைப் போட்டுப் பார்த்தே அதை உடைத்துவிடுவார். அதனால் ஒவ்வொரு சான்றிதழிலும் யூகிக்க முடியாத நீளமான ஒரு சீரற்ற எண்ணைச் சேர்த்த பிறகே ஹாஷ் எடுங்கள். ஹாஷை பிடிஎஃபிலிருந்து எடுக்காதீர்கள். வேறு மென்பொருளில் திறந்து மறுபடி சேமித்தாலே பைட்டுகள் மாறிவிடலாம், அசல் சான்றிதழையே உங்கள் செயலி போலி என்று சொல்லும். பெயர், பட்டம், ஆண்டு என்று வரிசை மாறாத தரவிலிருந்து எடுங்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். மொழி சொலிடிட்டி, 0.8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. எழுதவும் சோதிக்கவும் ஃபவுண்ட்ரி அல்லது ஹார்ட்ஹாட். அனுமதி தொடர்பான பகுதிகளை நீங்களே எழுதாமல் ஓப்பன்செப்பெலின் நூலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்ட், அதாவது பிளாக்செயினிலேயே ஓடும் உங்கள் நிரல், ஐம்பது, அறுபது வரிக்குள் முடிந்துவிடும். அதைவிட நீளமாக டெஸ்ட் எழுதுங்கள்: அதிகாரம் இல்லாத கணக்கு வேரை ஏற்ற முயன்றால் தடுக்கிறதா? ரத்தான சான்றிதழ் ரத்து என்றே காட்டுகிறதா? வைவாவில் என்னைப் போன்றவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

இடையில் இரண்டு மாலை ஒதுக்கி ஒரு தனிப் பயிற்சி செய்யுங்கள். 2016 ஜூனில், எதீரியத்தில் பலர் பணம் போட்டிருந்த 'தி டிஏஓ' என்ற முதலீட்டு நிதியின் கான்ட்ராக்ட்டிலிருந்து சுமார் 36 லட்சம் ஈதர் உருவப்பட்டது. இருப்பைக் குறைப்பதற்கு முன்பே பணத்தை அனுப்பியதுதான் ஓட்டை. பணம் கைக்கு வந்த நொடியிலேயே, திருடும் கான்ட்ராக்ட் மறுபடி "எடு" என்று கூப்பிடும். இருப்போ இன்னும் பழையபடியே இருக்கும். இதே தவறோடு ஒரு சின்ன வங்கியை எழுதுங்கள், இன்னொரு கான்ட்ராக்ட்டால் நீங்களே கொள்ளையடியுங்கள், பிறகு அந்த இரண்டு வரிகளை இடம் மாற்றிவிட்டு மறுபடி முயன்று பாருங்கள்.

தகுதியில்லாதவருக்குக் கல்லூரியே பட்டம் கொடுத்தால் பிளாக்செயினால் ஒன்றும் செய்ய முடியாது, பொய்யையும் பத்திரமாகக் காத்துவைக்கும். வேரை ஏற்றும் சாவி யாரிடம் இருக்கும், அவர் வேலையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் அறிக்கையில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

சரி, காசு. முதலில் உங்கள் கணினியிலேயே ஓடும் உள்ளூர் செயின், பிறகு செபோலியா என்ற டெஸ்ட்நெட் (எதீரியத்தின் சோதனை வலையமைப்பு). அங்கே புழங்கும் ஈதருக்கு மதிப்பில்லை, அதை வழங்கும் ஃபாசெட் தளங்களில் இலவசமாகவே கிடைக்கும். இதற்கென்று தனி வாலட் (ஈதர் கணக்கு) வைத்துக்கொள்ளுங்கள், அதன் ரகசியச் சாவியை நிரலோடு சேர்த்து கிட்ஹப் தளத்தில் ஏற்றிவிடாதீர்கள். தப்பித்தவறி ஏற்றிவிட்டால் கோப்பை அழித்துப் பயனில்லை, பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிப்பில்) அது அப்படியே இருக்கும். அந்த வாலட்டைக் கைவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்குங்கள்.