பழைய ஜப்பான் ஸ்டிக்கர்கள்: படத்தைப் பார்க்கும் முன் பின்பக்கத்தைப் படியுங்கள்

கேள்வி: டோக்கியோவில் நிஷி-கசாயில் குடியிருக்கிறோம். பழைய பொருள் சந்தையில் உறை பிரிக்காத ஹலோ கிட்டி ஸ்டிக்கர் ஷீட்டுகள் சிலவும், யாரோ சிறுவயதில் ஒட்டி வைத்த ஆல்பம் ஒன்றும் வாங்கினேன். கிட்டி ஷீட்டுகள் எல்லாமே 1976ஆம் ஆண்டு சரக்கு என்றார் விற்றவர். ஆல்பத்தில் சதுரமான பிக்குரிமான் ஸ்டிக்கர்களும், உப்பலான பஃபி ஸ்டிக்கர்களும் இருக்கின்றன. பஃபி பிசுபிசுக்கிறது. சில ஸ்டிக்கர்கள் பக்கத்தை விட்டு வரவே மாட்டேன் என்கின்றன. மே மாதம் சென்னைக்குத் திரும்புகிறோம். இவை பழையவைதானா? எப்படிக் காப்பாற்றுவது?

— ஒரு வாசகி, டோக்கியோ

பதில்: விற்றவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை, ஆண்டைத் தப்பாகப் படித்திருக்கலாம். ஹலோ கிட்டி 1974இல் உருவாகி, 1975இல் ஒரு சின்னச் சில்லறைப் பர்ஸில் முதன்முதலாகக் கடைக்கு வந்தது. ஆனால் கிட்டியை உருவாக்கிய சான்ரியோ நிறுவனம் அச்சிடும் பதிப்புரிமைக் குறிப்பில் (© அடையாளத்தோடு வருவது) கிட்டிக்கு 1976 என்றுதான் இருக்கும். ஷீட்டின் கீழ் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ‘1976, 1987’ என்பதுபோல இரண்டு ஆண்டுகள் தெரியும். முதலாவது கதாபாத்திரத்துக்கு உரியது, கடைசியாக இருப்பதுதான் அந்தச் சரக்குக்கு உரியது. அதே நிறுவனத்தின் மை மெலடி, லிட்டில் ட்வின் ஸ்டார்ஸ் கதாபாத்திர ஸ்டிக்கர்களிலும் இதே கதைதான். 1999இல் அச்சான ஷீட்டிலும் 1976 முதலில் நிற்கும். அதை மட்டும் காட்டி விலை ஏற்றுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதுபோல, கெரோப்பி தவளை 1988இல்தான் வந்தது, போச்சாக்கோ நாய்க்குட்டி 1989இல். இவை இருக்கும் ஷீட்டை எழுபதுகளின் சரக்கு என்று யாராவது சொன்னால் பேரமே பேச வேண்டாம்.

உறை பிரிக்காமல் வைத்திருப்பது உங்களுக்கு இன்னொரு விதத்தில் கைகொடுக்கும். ஆண்டு தெளிவாக இல்லாத ஷீட்டுக்குக்கூட உறையின் பின்பக்கம் சாட்சி சொல்லும். ஜப்பானில் நுகர்வு வரி 1989 ஏப்ரல் 1 அன்று 3 சதவீதமாகத் தொடங்கியது. விலைக்குப் பக்கத்தில் வரியைக் குறிக்கும் எழுத்து இருந்தால், அந்த உறை அதற்குப் பிந்தியது. டோக்கியோ தொலைபேசி எண்களில் 03க்குப் பிறகு வரும் பகுதி 1991 ஜனவரி 1 அன்று மூன்று இலக்கத்திலிருந்து நான்காக மாறியது. முகவரியில் ஏழு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1998 பிப்ரவரிக்குப் பிந்தியது. அதற்கு முன் மூன்று அல்லது ஐந்து இலக்கம்தான். ஜப்பானியப் பார்கோடு 1978இல் பிறந்து எண்பதுகளில்தான் பரவியது என்பதால், பார்கோடு அச்சான உறை எழுபதுகளுடையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கடைக்காரர் பின்னால் ஒட்டிய விலைச்சீட்டை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். அச்சில் இருப்பதே ஆதாரம். அதே சமயம் அந்தச் சீட்டைச் சுரண்டி எடுக்கவும் வேண்டாம். உறையோடு கிழிந்து வரும்.

இப்போது சதுர ஸ்டிக்கர்கள். பிக்குரிமான் என்பது லோட்டே நிறுவனத்தின் சாக்லேட் வேஃபர். (இந்த லோட்டே குழுமத்தின் கொரியக் கிளைதான் 2004இல் நம் சென்னைப் பாரிஸ் மிட்டாய்க் கம்பெனியை வாங்கியது.) 1977இல் தொடங்கிய இந்தச் சாக்லேட்டோடு 1985இல் ‘பிசாசு எதிர் தேவதை’ ஸ்டிக்கர் வரிசை வந்ததும், 30 யென் கொடுத்து வாங்கிய பிள்ளைகள் ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு வேஃபரைக் குப்பையில் போட ஆரம்பித்தார்கள். பளபளக்கும் ‘ஹெட்’ ஸ்டிக்கர்கள் அபூர்வமாகவே கிடைத்தன, வெளியே பெரும் விலைக்குக் கைமாறின. 1988இல் ஜப்பானின் நியாய வணிக ஆணையம் தலையிட்ட பிறகு, ஒவ்வொரு வகையும் கலக்கப்படும் விகிதம் மாற்றப்பட்டது. இப்போது தேடப்படுகிறவை அதற்கு முந்தைய ஹெட்கள்தான், முதல் வரிசையின் சூப்பர் ஜியூஸ் போல.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, போலி. அசல் 48 மில்லிமீட்டர் சதுரம். முதலில் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். பிறகு பின்பக்கம் கத்தகானா என்ற ஜப்பானிய எழுத்தில் இருக்கும் நிறுவனப் பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். லோட்டே அதில் ‘ரோத்தே’ என்று இருக்கும். அந்தக் காலத்திலேயே அதன் கடைசி எழுத்தை மட்டும் மாற்றி ‘ரோச்சி’ என்று அச்சிட்டு விற்றார்கள். ‘தே’ எழுத்தில் கீழே இறங்கும் கோடு இரண்டாவது கிடைக்கோட்டிலிருந்து புறப்படும். ‘சி’ எழுத்தில் அது கிடைக்கோட்டை வெட்டிக்கொண்டு போகும். வேடிக்கை என்னவென்றால், அந்த ரோச்சியையே தனியாகச் சேகரிக்கிறவர்கள் இன்று இருக்கிறார்கள். ஆகவே கிடைத்தால் எறிய வேண்டாம், ஆனால் அசலுக்குரிய விலையைக் கொடுக்க வேண்டாம். இரண்டாவது பொறி, மறுபதிப்பு. லோட்டேயே பழைய படங்களைப் பலமுறை திரும்ப வெளியிட்டிருக்கிறது. அவை போலி அல்ல, பழையவையும் அல்ல. ஏலத்தில் ‘ஃபுக்கோகு’ என்று போட்டிருந்தால் மறுபதிப்பு, ‘தோஜிமோனோ’ என்றால் அக்காலத்து அசல். எதுவுமே போடாமல் முன்பக்கப் படம் மட்டும் கொடுத்திருந்தால், பின்பக்கப் படம் கேளுங்கள். தராதவரிடம் வாங்க வேண்டாம். விலையைப் பொறுத்தவரை, மெர்காரி என்ற பழைய பொருள் விற்கும் செயலியில் விற்றுத் தீர்ந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் சந்தை விலை தெரியும். விற்காமல் கிடப்பவற்றின் விலை வெறும் ஆசைதான்.

பஃபி பிசுபிசுப்பதற்குக் காரணம் அழுக்கு இல்லை. அது மெல்லிய நுரையின்மேல் போர்த்திய பிவிசி என்ற பிளாஸ்டிக். பிவிசியை வளைய வைக்கச் சேர்த்த மென்மையூட்டி எண்ணெய் ஆண்டுக்கணக்கில் மேலே கசிகிறது. இதை நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். பவுடர் தூவினால் அது எண்ணெயோடு குழைந்து, அச்சின் மேலேயே தங்கிவிடும். ஸ்பிரிட், நகப்பூச்சு நீக்கி இரண்டும் மையைக் கரைத்துவிடும். பிறகு நூறு யென் கடையில் கிடைக்கும் சிலிக்கோன் பூசிய, கேக் சுடுவதற்கான பேக்கிங் தாளை மேலே வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வையுங்கள். மெழுகுத்தாள் கூடாது. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் நுரை அமுங்கும், ஒன்றின் மை இன்னொன்றின் முதுகில் போய் ஒட்டும்.

ஆல்பத்திலிருந்து பிரிப்பதற்கு முன் அதன் பக்கம் எந்த வகை என்று பாருங்கள். வழவழப்பான சிலிக்கோன் பக்கம் என்றால் பிழைத்தீர்கள். ஸ்டிக்கரைத் தூக்காமல், பக்கத்தைக் கீழ்நோக்கி வளையுங்கள். மூலை தானாக எழும்பும். எழும்பிய இடத்தில் பல் இடுக்கு நூலை நுழைத்து, ரம்பம்போல மெதுவாக இழுங்கள். பழைய ரப்பர் பசை பிடிவாதம் பிடித்தால், காகித ஸ்டிக்கருக்கு மட்டும் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பத்துப் பத்து விநாடியாகக் காட்டலாம். பிவிசிக்கும் பளபளப்புப் படலத்துக்கும் சூடு ஆகாது, சுருங்கிவிடும். சாதாரணக் காகிதப் பக்கத்தில் ஒட்டியிருந்தால் பிரிக்கும் எண்ணத்தையே விடுங்கள். சுற்றி ஒரு சென்டிமீட்டர் விட்டுப் பக்கத்தோடு வெட்டி வையுங்கள். கிழிந்த பிக்குரிமானைவிட, பக்கத்தோடு இருக்கும் முழு பிக்குரிமான் மேல். உறைக்குள் இருக்கும் கிட்டி ஷீட்டுகளிலிருந்து ஒன்றே ஒன்றைக்கூட உரித்துப் பார்க்காதீர்கள். ஒரு ஸ்டிக்கர் குறைந்த ஷீட்டின் மதிப்பு சடாரென்று இறங்கும். ஒருமுறை காற்றுப் பட்ட பசையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியாது.

சென்னையில் உங்கள் எதிரி ஈரக்காற்று. அடித்தாள் ஈரத்தைக் குடித்து விரியும், மேலே உள்ள பிளாஸ்டிக் படலம் விரியாது. அதனால்தான் ஷீட் சுருண்டுகொள்கிறது. கேமராவுக்கு விற்கும் காற்றுப்புகா உலர்பெட்டியும் ஒரு சிறிய ஈரப்பத மானியும் போதும். முள் 45 சதவீதத்துக்கும் 55 சதவீதத்துக்கும் இடையில் நிற்கட்டும். சிலிக்கா ஜெல்லை அள்ளிப் போட்டு 30க்குக் கீழே இறக்கினால் தாள் மொடமொடத்து வேறு பக்கம் சுருளும். பெட்டியைப் பரண் மேலேயோ, வெயில் படும் சுவரை ஒட்டிய பீரோவிலோ வைக்க வேண்டாம். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுவது நம் வீடுகளில் வழக்கம். அந்த ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், கற்பூரமும் வேண்டாம். காற்றுப்புகாத பெட்டிக்குள் பூச்சியும் வராது. தெருமுனை லேமினேஷன் கடை மட்டும் ஞாபகத்துக்கே வரக்கூடாது. அந்தச் சூட்டில் பசை உருகிப் படலத்தோடு கலந்துவிட்டால், மீட்க வழியே இல்லை.

உறைகளை அங்கேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பாலிபுரொப்பிலீன் உறைகள்தான் வேண்டும். ஜப்பானில் ‘ஓபிபி’ என்று போட்டு விற்பதும் அதுவே. புது மழைக்கோட்டு வாசம் அடிக்கும் பிளாஸ்டிக் என்றால் பிவிசி, அதைத் தொடாதீர்கள். பிக்குரிமான் அளவுக்கென்றே தனி உறையும் கிடைக்கிறது. உங்கள் நிஷி-கசாய் நிலையத்திலிருந்து தோசாய் ரயிலில் வண்டி மாறாமல் நாகானோ போய்விடலாம். அங்கே நாகானோ பிராட்வே என்ற வணிக வளாகத்தில், சேகரிப்புப் பொருள்கள் விற்கும் மண்டராகே கடைகளில் அசல் ஸ்டிக்கர்களை நேரிலேயே பார்த்து ஒப்பிடவும் முடியும். பயணத்தில் இவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதக் கூரியர் லாரியின் சூட்டில் பழைய பசை இளகி உறைக்குள்ளேயே வழியும்.