மாரடைப்பு டெஸ்ட் கிட் வீட்டில் வாங்கி வைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். ‘நானோ தொழில்நுட்பம், 15 நிமிடத்தில் மாரடைப்பு தெரிந்துவிடும்’ என்று ஆன்லைனில் ட்ரோபோனின் கிட் விற்கிறார்கள். ராத்திரி நெஞ்சு வலித்தால் கேஸா, ஹார்ட்டா என்று பார்க்க ஒன்று வாங்கி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். நானோ என்று சொல்வது பொய்யில்லை. கர்ப்பப் பரிசோதனை அட்டை வேலை செய்கிற அதே முறைதான், எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஒட்டிய தங்க நானோ துகள்கள் ரத்தத்தில் இருக்கும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்துபோய் ‘டி’ என்ற இடத்தில் தங்கும், அங்கே சிவப்புக் கோடு தெரியும் (தங்கம் அவ்வளவு பொடியானால் நிறம் மஞ்சள் இல்லை, சிவப்புதான்).

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை சேதமானால்தான் ரத்தத்தில் கசியும், அது இந்த மாதிரி அட்டையில் தெரிகிற அளவுக்கு ஏற, வலி தொடங்கிச் சில மணி நேரம் ஆகும். அப்பா வலி வந்த அரைமணியில் விரலைக் குத்திப் பார்த்தால் ‘டி’யில் கோடு வராது, ‘கேஸ்தான்’ என்று ஓமத் தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். அந்த நேரம்தான் ரத்தக்குழாய் அடைப்பை எடுக்க வேண்டிய நேரம். ஆஸ்பத்திரியிலேயே முதல் ட்ரோபோனின் நார்மல் என்றால் அனுப்பிவிட மாட்டார்கள், இடைவெளி விட்டு மறுபடி எடுப்பார்கள். இத்தனைக்கும் அங்கே உள்ள மெஷின் இந்த அட்டையைவிடப் பல மடங்கு நுட்பமானது. தசை சேதமாகாமல் அடைப்பு மட்டும் முற்றிக்கொண்டிருந்தால் ட்ரோபோனின் ஏறாமலே இருக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கோ மாரடைப்பு இல்லாமலே ஏறியிருக்கலாம்.

கிராஃபீன், கார்பன் நானோகுழாய் மாதிரியான கார்பன் நுண்பொருள்களை வைத்து இன்னும் நுட்பமான சென்சார்கள் ஆய்வுக்கூடங்களில் வருகின்றன, நல்ல விஷயம்தான். ஆனால் எவ்வளவு நுட்பமானாலும் ஒரு தடவை பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டிலேயே முடிவுகட்ட முடியாது.

வலி வந்தால் 108, நேராக ஈசிஜி. கிட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் மேல்கையில் கட்டுகிற பிபி மெஷின் வாங்குங்கள், தினமும் பயன்படும். அப்புறம் அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கடைசி ஈசிஜியையும் போனில் படமெடுத்து வையுங்கள், பழைய ஈசிஜி இருந்தால் புதிதாக என்ன மாறியிருக்கிறது என்று டூட்டி டாக்டர் சட்டென்று பார்த்துவிடுவார்.